பிரேக்குக்கு அடியில் போன எலுமிச்சம்பழம்

அன்புள்ள என்னங்க,

இருபத்தாறு வருடம் இப்படித்தானே கூப்பிட்டேன்? கடிதம் என்பதற்காக உங்கள் பெயரை எழுதினால், யாரோ கவுண்டரில் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து போய்விடுவீர்கள். அதனால் என்னங்கவே இருக்கட்டும்.

சிகிச்சை முடிந்தவர்கள் மாதம் ஒருமுறை நம் சிங்கப்பூர் லிட்டில் இந்தியா பக்கம் கூடிப் பேசுகிறோம். தமிழ் பேசும் பெண்கள் ஏழு பேர். போன கூட்டத்தில் ஒருவர், "நமக்கு முன்னாடி போனவங்களுக்கு ஆளுக்கு ஒரு லெட்டர் எழுதிட்டு வாங்க, சத்தமா படிப்போம்" என்றார். எனக்கு எழுத வராதே என்றேன். "வீட்டுக்காரர்கிட்ட பேசுறதுக்கு என்னம்மா வரணும்?" என்று கேட்டார். அதுவும் சரிதான். ஆனால் நாலு பேர் காதில் விழப்போகும் கடிதம் இது. மற்றதை வழக்கம்போல உங்கள் போட்டோ முன்னால் நின்று திட்டிக்கொள்கிறேன்.

சிகிச்சை என்றதும் யாருக்கு என்று முழிக்காதீர்கள். எனக்குத்தான். நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிறது. இரண்டாவது வருடத்தில் எனக்கு இடது மார்பில் கேன்சர். எடுத்துவிட்டார்கள். அப்புறம் கீமோ, அப்புறம் ரேடியேஷன். மொத்தம் பதினோரு மாதம் பஸ் ஓட்டும் வேலைக்குப் போகவில்லை. உங்கள் தங்கை இன்னும் அந்தப் பெயரை வாயால் சொல்வதில்லை. "அண்ணிக்கு அது வந்துச்சுல்ல, அது இப்ப எப்படி இருக்கு?" என்று, ஏதோ விருந்தாளி வந்து தங்கிவிட்டுப் போன மாதிரி விசாரிக்கிறாள்.

முடி கொட்ட ஆரம்பித்ததும் நம் யாழினி உங்கள் தாடி டிரிம்மரை எடுத்து வந்து பத்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டாள். "அப்பா பொருளை எதுக்குத் தூக்கிப் போடாம வெச்சிருக்கேன்னு கேட்டியே, பாத்தியா?" என்றேன். ஜோக்குதான் அடித்தேன். அவள் சிரிக்கவில்லை. குளியலறையைக் கூட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தாள். நானும் தட்டவில்லை.

இப்போது முடி வந்துவிட்டது. சுருட்டையாக வந்திருக்கிறது, நம்புவீர்களா? கல்யாணத்தின்போது இருந்ததைவிட நன்றாகவே இருக்கிறது. பசி வந்துவிட்டது, தூக்கம் வந்துவிட்டது. கால் மட்டும் திரும்பி வரவில்லை.

கீமோ மருந்து சிலருக்கு நரம்பில் கை வைத்துவிடும் என்று முதலிலேயே சொல்லித்தான் ஏற்றினார்கள். எனக்கு உள்ளங்கால் இரண்டும் மரத்துப்போயின. இடது கால் பாதி தேறியது. வலது கால் தேறவில்லை. எப்போதும் தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி இருக்கும். ஒருநாள் மார்க்கெட்டுக்குக் கிளம்பி லிப்ட் வரைக்கும் போய்விட்டேன். குனிந்து பார்த்தால் வலது காலில் செருப்பு இல்லை. அது நம் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. கழன்றது எனக்குத் தெரியவே இல்லை. பக்கத்து வீட்டு மலாய் அக்கா பார்த்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன், திரும்பிப் போய்ச் செருப்பை மாட்டும்போதுதான் உறைத்தது. பஸ்ஸில் பிரேக் வலது காலுக்குத்தானே?

ஓட்டாமல் இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று யாழினி கேட்டாள். நான் சம்பாதித்துப் போடுகிறேன், நீ வீட்டில் இரு என்கிறாள். எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? பதினோரு மாதம் எல்லாரும் என்னைப் பாவம் என்று தலை சாய்த்துப் பார்த்தார்கள். சாப்பிட்டீங்களா, ரெஸ்ட் எடுங்க, நீங்க தூக்காதீங்க. சுவா சூ காங்கில் என் அடுக்குமாடி பிளாக்கில் யாரைப் பார்த்தாலும் இதே பேச்சு. பஸ்ஸில் ஏறி ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் யாரும் என்னை அப்படிப் பார்க்கமாட்டார்கள். 'கேப்டன்' என்று கூப்பிடுவார்கள், பயண அட்டையைத் தட்டுவார்கள், உள்ளே போவார்கள். லேட்டானால் முறைப்பார்கள். அந்த முறைப்புக்கு நான் எவ்வளவு ஏங்கினேன் தெரியுமா?

அதனால் பொய் சொன்னேன்.

ஓட்டத் தகுதி உண்டு என்று டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் பஸ்ஸைத் தொடலாம். டாக்டர் சின்ன வயதுக்காரர், மரியாதையானவர். கால் மரத்துப்போவது உண்டா என்று கேட்டார். "முன்ன இருந்துச்சு டாக்டர், இப்ப ஓகே" என்றேன். கண்ணை மூடச் சொல்லிவிட்டு விரல் விரலாகத் தொட்டு, எதைத் தொடுகிறேன் என்று கேட்டார். மூடினேன், ஆனால் முழுசாக மூடவில்லை. அஞ்சு விரலுக்கும் சரியான பதில் சொல்லிவிட்டேன். வாய் கூசவில்லை. வெளியே வந்து ஒரு தே தாரிக் டீ வாங்கிக் குடித்துக்கொண்டே, முதல் வேலை கிடைத்த சின்னப் பெண் மாதிரி நின்றேன்.

இரண்டு வாரம் பயிற்சியாளர் பக்கத்தில் நின்று பார்த்தார். அவரிடமும் தேறிவிட்டேன். பதினாலு வருடப் பழக்கம், சும்மாவா? பிரேக்கை எவ்வளவு அமுக்குகிறேன் என்பது காலுக்குத் தெரியாவிட்டாலும் முதுகுக்குத் தெரிந்தது. பஸ் நிற்கும்போது உடம்பு முன்னால் போகிற அளவை வைத்தே கணக்குப் போட்டேன். சமாளிச்சுக்கலாம் சரோஜா, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம் ஆட்கள் இந்தச் 'சமாளிச்சுக்கலா'மை வைத்துக்கொண்டுதான் எத்தனை காரியம் பண்ணிவிடுகிறோம்!

தனியாக ஓட்டப்போகும் முதல் நாள் காலையில் மகேந்திரன் டிப்போவில் காத்துக்கொண்டிருந்தார். நினைவிருக்கிறதா? என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர், நெற்றி நிறைய விபூதி, உங்கள் காரியத்துக்கு வந்து முதல் ஆளாய் நாற்காலி எடுத்துப் போட்டவர். கையில் ஒரு எலுமிச்சம்பழம். சிராங்கூன் ரோட்டுக் கோயிலில் மந்திரித்து வாங்கி வந்திருக்கிறார்.

"அக்கா, பதினோரு மாசம் ஆஸ்பத்திரின்னா சும்மாவா? எல்லாம் கண்ணு திருஷ்டி லா. பொம்பளை இவ்ளோ பெரிய பஸ்ஸை ஓட்டுறாளேன்னு எத்தனை பேரு பாத்திருப்பான்!"

"சரி தம்பி, இப்ப என்ன பண்ணணும்?"

"நியாயமா டயருக்கு அடியில வெச்சு ஏத்தணும். ஆனா இங்க வெச்சா மேடம் லிம் நம்ம ரெண்டு பேரையும் ஏத்திடுவாங்க. அதனால பஸ்ஸிலேயே வெச்சுக்குங்க. சாயங்காலம் வெளியில எங்கயாவது போட்டுடலாம்."

மேடம் லிம் எங்கள் மேலதிகாரி. டிப்போ தரையில் ஒரு டிஷ்யூ பேப்பர் கிடந்தாலே யார் என்று கேட்பவர். எலுமிச்சம்பழத்தை நசுக்கினால் விடுவாரா? மகேந்திரன் பழத்தை என் தலையை மூன்று சுற்றுச் சுற்றி, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, என் கையில் வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. வாங்கிக்கொண்டேன்.

டிரைவர் பக்கத்தில் உருளுகிற பொருள் எதையும் வைக்கக்கூடாது. எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. எத்தனை புது ஆட்களுக்கு நானே சொல்லியிருப்பேன்! தண்ணீர் பாட்டில்கூட அதற்கான வளையத்தில்தான் இருக்கவேண்டும். ஆனால் சாமி பழம். பையில் போட்டுக் காலடியில் வைக்க மனம் வரவில்லை. ஜன்னலோரம் இருந்த சின்னப் பள்ளத்தில் வைத்தேன். உட்கார்ந்து பார்த்தபோது மங்களமாகத்தான் இருந்தது.

முதல் டிரிப் தேர் போல நன்றாகப் போனது. இரண்டாவது டிரிப், காலை பத்தரை இருக்கும். ஜாலான் புசார் சாலையில் திரும்பியபோது பழம் உருண்டிருக்கவேண்டும், நான் பார்க்கவில்லை. அடுத்து ஒரு ஸ்டாப். அங்கே ஒரு சீனப் பெரியவர், கைத்தடியோடு, நடைபாதை விளிம்பு வரை வந்து நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தார். மெதுவாகத்தான் வந்தேன். பிரேக்கில் கால் வைத்தேன். பஸ் நிற்கவேண்டிய அளவுக்கு நிற்கவில்லை. இன்னும் அமுக்கினேன். முதுகுக்குத் தெரிகிறது, வேகம் குறையவில்லை என்று. காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. முழு பலத்தையும் போட்டு மிதித்தேன். ஏதோ நசுங்கியது. பஸ் குலுங்கி நின்றது, ஸ்டாப்பைத் தாண்டி அரை பஸ் நீளத்தில்.

என் இடது பக்கக் கண்ணாடி அந்தப் பெரியவர் முகத்துக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் போயிருக்கிறது. அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டதால் தப்பித்தார். உள்ளே நின்றிருந்த ஒரு அம்மா கம்பியில் தோளை இடித்துக்கொண்டார். "ஐயோ கேப்டன், ஸ்லோலி லா!" என்றார். அவ்வளவுதான். யாருக்கும் அடியில்லை. பெரியவர் நடந்து வந்து ஏறி, அட்டையைத் தட்டிவிட்டு, என்னை ஒரு முறை முறைத்துவிட்டு உள்ளே போனார்.

எலுமிச்சை வாசனை வந்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். பிரேக்குக்கு அடியில் பழம் கூழாகிக் கிடந்தது. சாறு ஷூவெல்லாம் வழிந்திருந்தது. ஒரு முழுப் பழத்தின் மேல் பிரேக்கை வைத்து அமுக்கியிருக்கிறேன், என்னங்க. நல்ல காலாக இருந்தால் தொட்டதுமே தெரிந்திருக்கும், அடியில் என்னவோ தடுக்கிறது என்று. என் காலுக்கு அது நசுங்கியதுகூடச் சரியாகத் தெரியவில்லை.

பழத்தை எடுத்துப் பையில் போட்டேன். மறுபடி மிதித்துப் பார்த்தேன். பிரேக் கடைசி வரை அழகாக இறங்கியது. பஸ்ஸில் ஒரு குறையும் இல்லை. கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பியிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? பழம்தான் காரணம், பழம் போய்விட்டது, தீர்ந்தது கதை. ஒரு நிமிடம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். பின்னால் யாரோ கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். அந்தப் பெரியவர் முதல் சீட்டில் கைத்தடியைக் காலுக்கு நடுவில் ஊன்றி உட்கார்ந்திருப்பது கண்ணாடியில் தெரிகிறது.

கண்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டேன். அன்றைக்கு அங்கே இருந்தவர் தமிழ்க்காரர்.

"என்னக்கா, பஸ் கெட்டுப்போச்சா?"

"பஸ் நல்லாத்தான் இருக்கு. என்னாலதான் ஓட்ட முடியாது. ஆள் அனுப்புங்க."

"தலை சுத்துதாக்கா?"

"இல்ல தம்பி. கால்."

பயணிகளிடம் மன்னிப்புக் கேட்டு அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அந்தப் பெரியவர் இறங்கும்போது மறுபடியும் முறைத்தார். அவருக்கு முழு உரிமையும் உண்டு.

டிப்போவில் மேடம் லிம் பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "உருளுகிற பொருளை வைத்தது தப்பு. எச்சரிக்கைக் கடிதம் வரும். யாருக்கும் அடிபடவில்லை. அறிக்கையில் வேறு ஏதாவது எழுத வேண்டியிருக்கிறதா?" கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதாமல் விட்டாலும் விட்டுவிடுவார் என்று எனக்குத் தோன்றியது.

அதற்குள் மகேந்திரன் தலைதெறிக்க ஓடி வந்தார். "மேடம், பழம் நான்தான் குடுத்தேன், என் தப்பு" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "அக்கா, அப்படியே எழுதிடுங்க. வார்னிங்தானே, நான் வாங்கிக்கிறேன். காலைப் பத்தி எதுக்கு எழுதுறீங்க? எழுதினா பஸ் போயிடும்க்கா" என்றார். என் கால் விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கிறது, பாருங்கள். நான் நடக்கிறதை வைத்தே கண்டுபிடித்திருக்கிறார். அதனால்தான் பழமே வந்திருக்கிறது.

"தம்பி, பழம் உருண்டதுக்கு வேணா நீங்க பொறுப்பு. அது காலுக்கடியில கிடந்தும் தெரியலையே, அதுக்கு நான்தான்" என்றேன்.

அவர் அழுதேவிட்டார். அழுதுகொண்டே, "ஆனா பாத்தீங்களாக்கா, யாருக்கும் ஒன்னும் ஆகல. நசுங்க வேண்டியது நசுங்கிடுச்சு, கண்ணு கழிஞ்சுடுச்சு" என்றார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேடம் லிம் என்ன என்று கேட்டார். எப்படி மொழிபெயர்ப்பது? ஒன்றுமில்லை என்றுவிட்டு உட்கார்ந்து எழுதினேன். டாக்டரிடம் சொன்ன பொய்யையும் சேர்த்தே எழுதினேன். ஒன்று விடாமல் எழுதி முடித்தேன். பஸ்ஸை அன்றைக்கே எடுத்துக்கொண்டார்கள். நான் கேட்டது அதைத்தான். இருந்தும், ஓட்டும்போது போடும் கையுறையை லாக்கரில் வைத்துவிட்டு, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

மத்தியானமே வீட்டுக்கு வந்த என்னைப் பார்த்து யாழினி பதறிவிட்டாள். அன்றைக்கு அவளுக்கு வீட்டிலிருந்து வேலை. எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரை ஏமாற்றியது வரைக்கும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவள், திடீரென்று கத்தினாள்.

"நீயும் அப்பா மாதிரியே பண்ணிட்டியேம்மா! ஸேம் திங்! மறைச்சு மறைச்சு, கடைசியில..."

முடிக்கவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, அந்த வாரம் எங்கள் இரண்டு பேருக்கும் மனப்பாடம். வெள்ளிக்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "வெறும் கேஸ் டிரபிள்தான், ஓமத்தண்ணி போடு" என்றீர்கள். சனிக்கிழமையும் கேஸ். ஞாயிற்றுக்கிழமை இஞ்சி தட்டிக் கொடுத்தேன். கிளினிக் போகலாம் என்று நான் சொன்னதற்கு, "கேஸுக்கெல்லாம் டாக்டரா?" என்று சிரித்தீர்கள். திங்கட்கிழமை காலை தஞ்சோங் பகாருக்கு ஏர்கான் சரிபார்க்கும் வேலைக்குப் போனீர்கள். லிப்ட் வாசலில் விழுந்தீர்கள். கருவிப்பெட்டியைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மூன்று வருடமாக யார் வந்து துக்கம் கேட்டாலும் ஒரே பாட்டுத்தான் பாடினேன். "வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த மனுஷனைக் காப்பாத்தியிருப்பேன்." எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! உங்கள் தங்கையிடம், மகேந்திரனிடம், கீமோ போட்ட நர்ஸிடம்கூட. பிடிவாதக்காரர், பொண்டாட்டி பேச்சைக் கேட்காதவர் என்று ஊர் முழுக்க உங்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவள் நான்தான்.

அன்றைக்கு மத்தியானம்தான் கணக்கு நினைவுக்கு வந்தது. அந்த மாதம் உங்கள் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம். உங்களுக்கு அறுபத்திரண்டு ஆகியிருந்தது, அவர்கள் புதுப்பித்தால்தான் மேற்கொண்டு வேலை. விடுப்பு எடுத்து, நெஞ்சுவலி என்று டாக்டர் சீட்டில் எழுதிவிட்டால் புதுப்பிப்பார்களா? உங்களுக்கு அது கேஸ் இல்லை என்று தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் சிரித்திருக்கிறீர்கள். நான் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்த மாதிரியேதான் நீங்களும் எங்கள் முன்னால் உட்கார்ந்திருந்திருக்கிறீர்கள். அதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடம் ஆகியிருக்கிறது. அத்தனை திட்டுக்கும் மன்னித்துக்கொள்ளுங்கள்.

மன்னித்துவிட்டேன் என்று நானும் சொல்லிவிடலாம்தான். ஆனால் கோபம் முழுசாகப் போகவில்லை, பொய் சொல்லமாட்டேன். என்னிடமாவது சொல்லியிருக்கலாம். ராத்திரி பகலாக யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருப்போம், இரண்டு பேருமாக.

இப்போது இன்டர்சேஞ்ச் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து பஸ் புறப்படும் நேரம் பார்க்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். பெரிய ஜன்னல். என் தடத்துப் பஸ் போகும்போது எழுந்து நின்று பார்க்கிறேன். இன்னும் மூன்று மாதத்தில் மறுபடி கால் பரிசோதனை. உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். பொய் சொன்னதற்கு அவர் திட்டுவார் என்று நினைத்தேன். "உங்களைப் போல நிறையப் பேர் சொல்கிறார்கள்" என்று மட்டும் சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உங்களோடு முன்பு வேலை பார்த்தவரின் மனைவி பிடித்துக்கொண்டார். வெகு நாள் கழித்துப் பார்க்கிறார். "உங்க வீட்டுக்காரரு ஏம்மா அப்படிச் சொல்லாமக் கொள்ளாமப் போனாரு?" என்று கேட்டார். பழைய பாட்டு வாய் வரைக்கும் வந்தது. "நெஞ்சுவலின்னு சொன்னா வேலை போயிடும்னு பயந்து, கேஸ்னு சொல்லிட்டாரு" என்றேன். அந்த அம்மா கையிலிருந்த அர்ச்சனைத் தட்டைக் கீழே வைத்தார். அப்புறம், "எங்க வீட்டுலயும் கொஞ்ச நாளா கேஸ்னுதான் சொல்லிட்டிருக்காரு" என்றார். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து, வீட்டுக்குப் போன் போட வைத்து, அவர் வீட்டுக்காரரைக் கிளினிக்குக்குக் கிளப்பின பிறகுதான் விட்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், என்னங்க. இனிமேல் யார் கேட்டாலும், எது போனாலும், வலித்தால் வலிக்கிறது என்பேன், தெரியாவிட்டால் தெரியவில்லை என்பேன். பஸ் திரும்பி வராவிட்டாலும் சரி, நம் யாழினி கையில் ஒருத்தர் வந்து கருவிப்பெட்டியைக் கொடுக்கிற நாள் இன்னொரு தடவை வராது.

உங்கள் பொண்டாட்டி,
யாழினியின் அம்மா
சரோஜா